ஒளித்து வைத்த இரண்டு மணி நேரம்

அண்ணாச்சியிடம் எதைக் கேட்டாலும் குறைத்துத்தான் சொல்வார். எத்தனை இட்லி சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் இரண்டு என்பார். பரிமாறிய எனக்கல்லவா தெரியும், ஐந்து என்று. ராஜபாளையத்திலிருந்து செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்புக்கு அந்த ஓட்டை மொபெட்டில் முதுகு ஒடிய வந்து இறங்குவார். "இம்புட்டுத் தூரம் வந்திருக்கீங்க" என்றால், "இந்தா இருக்கு, பக்கம்தான" என்பார். அவர் மகளுக்கு அரசாங்க நர்ஸ் வேலை கிடைத்தபோது அவர் தெருவே பேசிக்கொண்டது. என்னிடம் அவர் சொன்னது, "ஏதோ ஆஸ்பத்திரிப் பக்கம் போய்ட்டு வாரா தங்கச்சி" என்பதுதான்.

ஆரம்பத்தில் இதை அடக்கம் என்று நினைத்தேன். பழகிய பிறகு எரிச்சலாக வந்தது. ஒரு மனுசன் ஒரு விஷயத்தையாவது உள்ளபடி சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று என் வீட்டுக்காரரிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஏட்டி, கூட்டிச் சொல்லுதவன நம்புறதுக்கு இது தேவல" என்பார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். அதனால் அந்தப் பேச்சை நான் அதோடு விட்டுவிடுவேன்.

அண்ணாச்சிக்குத் தொழில் யுபிஎஸ். பேங்க், ஏடிஎம், கம்ப்யூட்டர் சென்டர் எல்லாவற்றிலும் கரண்ட் போனால் கைகொடுக்கிற பெட்டி. ஒரு கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் அதைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பிய பிறகு, எங்கெங்கே பழைய பெட்டிகளைக் கழற்றிப் போடுகிறார்களோ அங்கெல்லாம் போய் வாங்கி வந்து சேத்தூர் ரோட்டில் தன் வீட்டை ஒட்டிய தகர ஷெட்டில் அடுக்கிவிட்டார். கரண்ட் கம்பம் எட்டாத வீடுகளுக்கு அதை வைத்து விளக்கு எரியவைப்பது அவர் வேலையாயிற்று. தோப்பு வீடு, ஆட்டுக்கிடைக் காவல் குடிசை, பிளவக்கல் பக்கம் மலையடி வீடுகள், இப்படி. கூரையில் சோலார் தகடு, கீழே யுபிஎஸ் பெட்டி, அதன் பக்கத்தில் மரப்பலகை மேல் வரிசையாகப் பேட்டரிகள்.

"மூணு வருசம் ஆச்சுன்னா பேங்க்ல பேட்டரிய மாத்திப்புடுவாக. உசுரு இருக்கா இல்லையான்னு தொட்டுக்கூடப் பாக்க மாட்டாக. தேதி வந்துட்டா வெளிய" என்று ஒருமுறை சொன்னார். அவர் அதிகம் பேசிய நாட்களில் அது ஒன்று. "பாதி உசுரு இருக்கும் தங்கச்சி. அந்தப் பாதிய வச்சு ஒரு குடும்பம் அஞ்சு வருசம் ஓட்டலாம். நம்ம கொஞ்சம் பதவிசா வச்சுக்கிட்டாப் போதும்."

அந்த ஷெட்டுக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பேட்டரியில் லாரியின் ஹெட்லைட் பல்பை மாட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பல்ப் மங்கும்வரை எத்தனை நிமிடம் என்று பார்த்து அந்தப் பேட்டரியின் மேலேயே சாக்பீஸால் எழுதுவார். ஒரே எண் வந்தவற்றைத்தான் ஒன்றாகக் கட்டுவார். கூடியதையும் குறைந்ததையும் சேர்த்துக் கட்டினால் குறைந்தது கூடியதையும் இழுத்துக் கீழே கொண்டுபோய்விடுமாம். நாள் முழுக்க இதே வேலை. எனக்குப் பார்த்த பத்து நிமிடத்திலேயே கொட்டாவி வந்தது.

யுபிஎஸ் பெட்டியையும் அப்படியே வைக்க மாட்டார். கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற வரைக்கும், கால் மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும் என்று செய்த பெட்டி அது. மணிக்கணக்கில் ஓடவிட்டால் உள்ளே சூடேறிக் கருகிவிடும். அதனால் மூடியை வெட்டி ஃபேன் வைப்பார். கீச்சு கீச்சு என்று கத்துகிற சத்தத்தைப் பிடுங்கிப் போடுவார். "இது ஓட்டமா ஓடிப் பழகின பெட்டி. நம்ம இத நடக்கப் பழக்கணும்" என்பார். இப்படிப் பேசும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு களை வரும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு வீட்டுக்காரர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். எத்தனை மணி நேரம் ஓடும்? அங்கேதான் அண்ணாச்சியின் புத்தி வேலை செய்யும். ஐந்து மணி நேரம் ஓடும் என்றால் மூன்று என்பார். வாயால் மட்டும் சொல்வதில்லை. பெட்டிக்குள்ளே ஒரு சின்னத் திருகு இருக்கிறது. பேட்டரி இந்த அளவுக்கு இறங்கினால் தானாக நின்றுகொள் என்று சொல்கிற திருகு. அதை ஏற்றி வைத்துவிடுவார். அப்போது இரண்டு மணி நேரத்துக் கரண்ட் உள்ளே இருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும். அந்த இரண்டு மணி நேரம் யாருக்கும் கிடையாது. பேட்டரிக்கு மட்டும்தான்.

இது எத்தனை நாள் ரகசியமாக இருக்கும்? செண்பகத்தோப்பு ரோட்டில் டீக்கடை வைத்திருக்கிற அக்காதான் முதலில் கண்டுபிடித்தது. மகன் கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் விளக்கு அணைந்துவிட்டது. அண்ணாச்சியும் பந்தியில் இருந்தார். அக்கா அவரைப் பிடித்து நிறுத்தி, "பொண்ணு வீட்டு ஆளுக முன்னால என் மானத்த வாங்குதீயளே" என்றதும், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டுப் போய் அந்தத் திருகைத் திருப்பியிருக்கிறார். பந்தி முடிகிற வரைக்கும் விளக்கு எரிந்தது. மறுநாள் விடிந்ததும் வந்து திருகைப் பழையபடி ஏற்றிவிட்டுப் போனார். ஆனால் அக்கா பார்த்துவிட்டது. பார்த்தால் சும்மா இருக்குமா. டீ குடிக்க வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டது. "அவிய மூணுன்னா நீ அஞ்சுன்னு எடுத்துக்கோ. ரெண்ட ஒளிச்சு வச்சிருப்பாக."

அதிலிருந்து அண்ணாச்சியிடம் பெட்டி வாங்கிய எல்லோருக்கும் அதுதான் வாய்ப்பாடு. அவர் சொல்வதோடு இரண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வத்திராயிருப்புப் பக்கம் ஒருவர் பெட்டியைத் தானே திறந்து திருகை இறக்கி, ஒளித்து வைத்ததையெல்லாம் வெளியே எடுத்து டிவி பார்த்தார். பங்குனி வருவதற்குள் அவருடைய பேட்டரி எல்லாம் பூரி மாதிரி உப்பிப் போயிற்று. அண்ணாச்சி போய்ப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை ஏசவில்லையாம். உப்பிய பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி மொபெட்டில் கட்டி எடுத்துக்கொண்டு போனாராம்.

"ஏன் அண்ணாச்சி, இருக்கிறத இருக்குன்னு சொல்லிட்டுப் போலாமுல்லா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"இருக்குன்னு சொன்னா எடுத்துருவாக தங்கச்சி. அடிவரைக்கும் உறிஞ்சிட்டா பொறவு எந்திரிக்காது. கொஞ்சம் அதுக்கும் வேணும்லா" என்றார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் பஞ்சு பிரிக்கிற இடத்தில் வேலை பார்த்தார். பேல் பேலாகக் கட்டி வருகிற பஞ்சை உடைத்துப் போடுகிற இடம். அங்கே நிற்கிறவர்கள் புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார்கள். இளமையில் அதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன். அந்த வெள்ளையெல்லாம் உள்ளேயும் போய்க்கொண்டிருந்தது என்று பின்னாலேதான் தெரிந்தது. நெஞ்சு டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, இனிமேல் இவருக்கு வீட்டிலேயே ஆக்ஸிஜன் வேண்டும் என்று சொன்னபோது, மில்லை விட்டு நின்று இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஊருக்குள் இருந்த வாடகை வீட்டில் அவருக்கு மூச்சு முட்டியது. தெருவில் லாரி போனால் முட்டும், பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் முட்டும். தோப்புக்குப் போய்விடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். அவர் அப்பா வழியில் வந்த மாந்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மலையைப் பார்த்து வந்தால் ஓடையைத் தாண்டி, காட்டு இலாகா எல்லைக் கல்லுக்கு இப்பக்கம் கடைசித் தோப்பு எங்களுடையது. காற்று நல்ல காற்றுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கரண்ட் கம்பம் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. காட்டை ஒட்டிய இடத்தில் கம்பி இழுக்க அனுமதி வேண்டும் என்றார்கள். நடையாய் நடந்தேன். என் செருப்புதான் தேய்ந்தது. ஜெனரேட்டர் வைக்கலாம் என்றால் அந்தப் புகையே அவரை முடித்துவிடும்.

ஆக்ஸிஜன் மெஷின் என்பது சிலிண்டர் இல்லை. காற்றை இழுத்து அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் குழாயில் அனுப்புகிற பெட்டி. கரண்ட் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் அது ஒரு ஸ்டூல். டீக்கடை அக்கா சொல்லித்தான் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் மெஷினைப் பார்க்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த இவரைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் இந்தக் குழாய வைக்கணும்?" என்று கேட்டார். இவர் சொன்னார். அண்ணாச்சி தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் ஆளைக் காணவில்லை. இந்த மனுசனும் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். பிறகு ஒரு மினி வேனில் பன்னிரண்டு பேட்டரியோடு வந்து இறங்கினார். பன்னிரண்டிலும் சாக்பீஸில் ஒரே எண். அப்படிப் பன்னிரண்டு கிடைப்பதற்கு எத்தனை பேட்டரியில் பல்ப் மாட்டிக் காத்திருந்தாரோ. கேட்டால், "இருந்துச்சு, எடுத்தாந்தேன்" என்றார்.

வெயில் இருக்கும்வரை மெஷின் சோலாரிலேயே ஓடும், வெயில் போன பிறகு பேட்டரி, என்று ஏற்பாடு. பெட்டியில் ஒரு முள் மீட்டர் வைத்தார். எனக்குப் புரிய வேண்டும் என்று, காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்திரியை அதன் கண்ணாடி மேல் ஒட்டி, பேனாவால் ஆறு, ஐந்து, நான்கு என்று ஒன்று வரை எழுதினார். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அத்தனை மணி நேரம் மெஷின் ஓடும்.

"ஆறு தங்கச்சி. நிறைஞ்சு இருந்தா ஆறு மணி நேரம்" என்றார்.

நான் சரி என்றேன். மனதுக்குள் எட்டு என்று போட்டுக்கொண்டேன். நான் மட்டுமில்லை, அந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு தடவை இடது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார். விரலெல்லாம் வீங்கியிருந்தது. என்ன என்றால், "மொபெட் சரிஞ்சுது, லேசா சுளுக்கு" என்றார். ஒற்றைக் கையாலேயே ஏணியில் ஏறிச் சோலார் தகட்டைத் துடைத்துவிட்டு இறங்கினார். இரண்டு எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ரொம்பக் கோபம் வந்தது எனக்கு. இதையெல்லாமா குறைத்துச் சொல்வது? அடுத்த மாதம் வந்தபோது, "உங்க சுளுக்கு எலும்பு முறிவாம்ல" என்று குத்தலாகக் கேட்டேன். கட்டு போட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

இரண்டு ஐப்பசி ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. மூன்றாவது வருடத்து மழைதான் மறக்காது. மூன்று நாளாக மலை கண்ணிலேயே படவில்லை. சோலாரில் வந்தது போதாமல் முள் இறங்கிக்கொண்டே வந்தது. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு முள் நாலில் நின்றது. இவருக்கு அன்றைக்குக் குழாயை எடுக்கவே முடியவில்லை. அவசரத்துக்கென்று ஒரு சின்னச் சிலிண்டர் வைத்திருந்தோம். அது முந்தின வாரமே காலி. நிரப்பி வர ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆட்டோ வேண்டும். ஓடையில் அப்போது முழங்கால் தண்ணீர்தான். ஆட்டோக்காரருக்குப் போன் செய்தால் அக்கரை வரைக்கும் வந்திருப்பார்.

நான் கணக்குப் போட்டேன். முள்ளில் நாலு. ஒளித்தது இரண்டு. ஆக ஆறு. மத்தியானம் இரண்டு மணி வரை பயமில்லை. அதற்குள் மழை விடும், வெளிச்சம் வரும், சாவகாசமாக ஆட்டோவைக் கூப்பிடலாம். கொட்டுகிற மழையில் ஆட்டோக்காரரை ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. இவருக்குத் தேங்காய்ச் சட்னி இருந்தால் ஒரு தோசை கூட இறங்கும் என்று மிக்ஸியைப் போட்டுச் சட்னி அரைத்தேன். போனையும் சார்ஜில் போட்டேன். 

பதினொன்றரைக்கு முள் ஒன்றுக்குக் கீழே வந்தது. நான் பதறவில்லை. சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடிக்கும் முன்னால் மெஷின் நின்றது. அந்த வீட்டில் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிற உறுமல் சத்தம் இல்லாமல் போனதும் மழைச் சத்தம் உள்ளே வந்துவிட்டது. இவர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் தட்டினேன். சுவிட்சைத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு வந்தது, போனது.

எங்கள் தோப்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போன் எடுக்கும். நனைந்துகொண்டே ஓடினேன். முதல் அடியிலேயே அண்ணாச்சி எடுத்தார்.

"அண்ணாச்சி, மெஷின் நின்னுட்டு. அந்தத் திருகு எங்க இருக்கு? எப்படித் திருப்பணும்? சொல்லுங்க, நான் திருப்புதேன்."

"முள்ளு எதுல நிக்கு?"

"ஒண்ணுக்கும் கீழ. ஒளிச்சு வச்ச ரெண்டு இருக்கும்லா, அத எப்படி எடுக்க?"

போனில் இரைச்சல்தான் வந்தது. மழையில் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அண்ணாச்சி அண்ணாச்சி என்று கத்தினேன்.

"உங்க வீட்டுக்கு ஒளிக்கல தங்கச்சி" என்றார். "மூச்சு விடுதவர் வீட்டுல நான் எப்படி ஒளிப்பேன்? உள்ள கரண்ட வச்சுக்கிட்டு மெஷின நிப்பாட்டலாமா? அடிவரைக்கும் கொடுன்னு திருகை இறக்கித்தான் வச்சிருக்கேன். ஆறுன்னா ஆறுதான் அது."

 தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். அவர் குரல் மாறவே இல்லை. ஒவ்வொன்றாகச் சொன்னார். "மெஷின அமத்திருங்க. மிக்ஸி, பல்ப், எல்லா வயரையும் புடுங்கிப் போடுங்க. பேட்டரி பத்து நிமிசம் சும்மா கிடந்தா கொஞ்சம் தெம்பு வரும். பொறவு போடுங்க, ரெண்டு மூணு நிமிசம் ஓடும். திருப்பி அமத்துங்க. இப்படியே செஞ்சுக்கிட்டு இருங்க. மாப்ளயக் குனிஞ்சு உக்கார வைங்க. நான் வாரேன்."

பத்து நிமிடம் நிறுத்தி, மூன்று நிமிடம் ஓட்டினேன். பிறகு பத்து நிமிடம் நிறுத்தி இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. மெஷின் நின்றிருக்கிற அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. அவர் நகமெல்லாம் நாவல் பழ நிறத்துக்கு வந்துவிட்டது. தலையணையை மடியில் வைத்துக் குனிந்தபடி என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச மூச்சில்லை. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். நான் சட்னி அரைத்தேன், அதனால்தான், நான்தான் காரணம் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வேண்டாம் என்கிற மாதிரி கையை ஆட்டினார்.

அண்ணாச்சி வந்தபோது இடுப்பு வரை சேறு. ஓடையில் அதற்குள் தொடை அளவு தண்ணீர் வந்துவிட்டது. மொபெட்டை அந்தக் கரையில் போட்டுவிட்டு, லாரிப் பேட்டரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கடந்திருக்கிறார். அதை வைத்துவிட்டுத் திரும்பப் போய் இரண்டாவதைத் தூக்கி வந்தார். எங்கள் பெட்டிக்கு இரண்டு இருந்தால்தான் ஓடும். நான் போய் ஒன்றைத் தூக்குகிறேன் என்றதற்கு, "நீங்க மாப்ளய விட்டு நகராதீங்க" என்று ஒரு அதட்டு அதட்டினார். அவர் என்னை அதட்டியது அந்த ஒரே முறைதான். அவர் வயரை முடுக்கினார். மெஷின் உறுமியது. கொஞ்சம் கொஞ்சமாக நகத்தின் நிறம் திரும்பியது. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்தபோது அண்ணாச்சி வாசலில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். "எம் பேர்லயும் தப்பு இருக்கு தங்கச்சி. உங்க வீட்டுக்கு ஒளிக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். "எப்படி அண்ணாச்சி இருக்கு? ரொம்பக் கஷ்டப்பட்டுட்டீங்களே" என்றேன். "எனக்கென்ன, ஓடையில கணுக்கால் தண்ணிதான்" என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் ஒன்றரை வருடம் இருந்தார். வைகாசியில் ஒரு காலையில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். சபையிலிருந்து ஆட்கள் வந்து ஜெபம் பண்ணி, சவப்பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் போன பிறகு அண்ணாச்சிதான் உள்ளே போய் மெஷினை நிறுத்தினார். அதுவரை யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். முள்ளைப் பார்த்தார். "இன்னும் மூணு மணி நேரம் இருக்கு தங்கச்சி" என்றார். நான் கூட்டவில்லை. மூன்று என்றால் மூன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

நான் தோப்பிலேயே இருந்துவிட்டேன். ஒரு பல்ப், ஒரு ஃபேன், அதற்குப் பன்னிரண்டு பேட்டரி. மெஷினைத் துடைத்து, அவர் துண்டு ஒன்றை மேலே போட்டு மூடி, கட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தேன். வாரம் ஒருமுறை துடைப்பேன். 

அண்ணாச்சி வழக்கம்போல வந்துபோனார். தை மாதம் வந்தபோது மொபெட்டை நிறுத்திவிட்டு வாசலுக்கு வரவில்லை. ஒரு மாமரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கியது. உள்ளே வந்து நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, மூச்சு வாங்குது?"

"லேசா சளி. பனி பெய்யுதுல்லா."

"டாக்டர்ட்ட காட்டுனீயளா? மெஷின் சும்மாதான கிடக்கு, எடுத்துட்டுப் போங்க."

அவர் மெஷினைப் பார்த்தார். மேலே கிடந்த துண்டைப் பார்த்தார். "சளிக்கு யாராவது ஆக்ஸிஜன் வைப்பாகளா? அது இருக்கட்டும் தங்கச்சி" என்று சிரித்தார்.

நான் நம்பினேன். எத்தனையோ வருடம் நுரையீரல் நோயாளியோடு குடித்தனம் நடத்தியவள் நான். மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன, குனிந்து உட்காருவது என்றால் என்ன, எல்லாம் எனக்குத் தெரியும். கண் முன்னால் பார்த்தும் நம்பினேன். உங்கள் வீட்டுக்கு ஒளிக்கவில்லை என்று அவர் சொன்னது என் மண்டையில் அப்படிப் பதிந்திருந்தது. அது பேட்டரிக்குச் சொன்ன வார்த்தை. அவர் உடம்புக்கு இல்லை. கை எலும்பு முறிந்ததையே சுளுக்கு என்று சொன்ன ஆள் இவர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

மாசி பிறந்து ஒரு வாரத்தில் டீக்கடை அக்கா போன் செய்து, அண்ணாச்சி தவறிவிட்டார் என்று சொன்னது. நான் சேத்தூர் ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தகர ஷெட் பூட்டிக் கிடந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னது.

"கார்த்திகையில இருந்து உக்காந்துக்கிட்டேதான் தூங்குனாக. தலகாணிய மடியில வச்சு அது மேல கவுந்துக்கிட்டு. மகளுக்குக்கூடச் சொல்ல விடல. 'ஏதோ மெஷின் இருக்காமே தோப்பு வீட்டுல, கேளுங்க'ன்னு நான் சொன்னேன். 'அந்தத் தங்கச்சி தாரேன்னுதான் சொல்லிச்சு. ஆனா அது மேல துண்டப் போட்டு ஆளு படுத்திருக்க மாதிரி வச்சிருக்கு. நான் எப்படித் தூக்கிட்டு வர?'ன்னுட்டாக."

 

அடுத்த வாரமே ஒரு வேன் பிடித்து மெஷினை ஏற்றினேன். பிளவக்கல் அணைக்குப் போகிற வழியில் ஒரு தோப்பு வீட்டில், என் வீட்டுக்காரரோடு அதே மில்லில் அதே இடத்தில் நின்றவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் மூச்சுக் கோளாறு என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கேயும் அண்ணாச்சி வைத்துக்கொடுத்த பெட்டிதான், கூரையில் அவர் ஏறித் துடைத்த தகடுதான். துண்டை மடித்து என் பையில் வைத்துக்கொண்டு மெஷினை இறக்கி வைத்தேன்.

"எங்க வீட்டுல விளக்குக்குன்னு வச்ச பேட்டரிதான் இருக்கு. இதுல மெஷின் எம்புட்டு நேரம் ஓடும்?" என்று அவர் மனைவி கேட்டது.

"அத ஒரு மெக்கானிக்க வச்சுப் பாத்துட்டுச் சரியாச் சொல்லுதேன். அதுவரைக்கும் அவிய சொன்னதோட ரெண்டு கூட்டிக்கிடாதீங்க" என்றேன்.

அந்த மில்காரர் நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்து மரியாதைக்கு எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்று உட்கார வைத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"பரவால்ல. லேசாத்தான் வாங்குது" என்றார்.

நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்தேன். "லேசான்னா எம்புட்டு?" என்று கேட்டேன். "படுத்துத் தூங்குதீயளா, உக்காந்து தூங்குதீயளா?"

அவர் தன் மனைவியைப் பார்த்தார்.